பர்மனெண்ட் உபயோகத்துக்கு

வெண்மதியை நெய்வேலி மைதானங்களில் 'கால் தூக்குறவ' என்றுதான் சொன்னார்கள். அவள் பந்து போட வந்து நின்றாலே எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் பையன்களில் எவனாவது ஒருவன் நாய் மாதிரி குரைப்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். எங்கள் செம்பரிதி சாஃப்ட்பால் கிளப்பின் செயலாளர் குஞ்சிதபாதம் சாரும் சேர்ந்து சிரிப்பார். பதினெட்டு வயதுப் பெண்ணைப் பார்த்து அப்படிச் சிரித்த அந்த முகத்தை நினைத்தால், இத்தனை தூரம் தள்ளி டெக்சாஸில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

விஷயம் இதுதான். சாஃப்ட்பாலில் பிட்சர் பந்தைக் கீழ்க்கையாகத்தான் போட வேண்டும். கையை ராட்டினம் மாதிரி தலைக்கு மேலே ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, அது இடுப்பை உரசிக்கொண்டு வரும் நொடியில் பந்தை விட வேண்டும். அதே நேரம் முன்னால் ஒரு நீளமான எட்டு. அந்த எட்டில் பின்காலின் கட்டைவிரல் தரையைத் தேய்த்துக்கொண்டே வர வேண்டும். ஒரு விரற்கடை எழும்பினாலும் பந்து செல்லாது. வெண்மதியின் வேகத்துக்கு எங்கள் மாவட்டத்தில் ஈடு கிடையாது. ஐந்து வருஷம் அவள் பந்தைப் பிடிக்கும் கேட்சராகக் குந்தி உட்கார்ந்தவள் நான். என் இடது ஆள்காட்டி விரல் இன்னமும் கொஞ்சம் கோணல்தான். அந்த வேகம்தான் அவளையே தரையிலிருந்து கிளப்பிவிட்டது. அவளிடம் இருந்த ஒரே குறை அது. திருத்தக்கூடிய குறை. அதைத் திருத்த வேண்டியவர்கள் குரைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் வீடு மந்தாரக்குப்பத்தில். சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப் எல்லையைத் தாண்டினால் கடைத்தெரு, அதற்குப் பின்னால் ஒரு சந்து, சந்தின் நடுவில் ஓட்டு வீடு. அப்பா தங்கராசு நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. மண்ணைச் சுமந்து மைல் கணக்கில் ஓடும் கன்வேயர் பெல்ட்டிலிருந்து கீழே கொட்டுகிற மண்ணை வாரி மறுபடியும் பெல்ட்டிலேயே போடுகிற வேலை. வெண்மதி பிறந்த வருஷம் சேர்ந்தார். அவள் பிளஸ் டூ முடித்தபோதும் அவர் கான்ட்ராக்ட்தான், கொட்டுவதும் அதே மண்தான்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நெய்வேலியில் பர்மனெண்ட், கான்ட்ராக்ட் என்பவை வேலையின் பெயர்கள் இல்லை, ஆட்களின் பெயர்கள். "மாப்பிள்ளை என்ன பண்றார்?" "பர்மனெண்ட்." அவ்வளவுதான் பதில். என்ன வேலை என்று யாரும் கேட்க மாட்டார்கள். என் அப்பா பழனிசாமி பர்மனெண்ட். சேலத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸ் வாங்கியவர். அதனால் நான் பர்மனெண்ட் வீட்டுப் பிள்ளை, வெண்மதி கான்ட்ராக்ட் வீட்டுப் பிள்ளை. மைதானத்தில் தண்ணீர்ப் பானைக்கு வரிசை நின்றால்கூட இது தெரியும்.

வெண்மதிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. மாநில அணியில் ஆடிய சான்றிதழ். அது கையில் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அவள் வீட்டில் முதல் பர்மனெண்ட் ஆகலாம். இரண்டு முறை தேர்வுக்குப் போனாள். இரண்டு முறையும் பின்காலைக் காட்டி வெளியே அனுப்பினார்கள்.

நான் 2012-ல் படிக்க அமெரிக்கா வந்தேன். இங்கே பத்து வயதுப் பிள்ளைகள் பந்து போடக் கற்றுக்கொள்வதை ஒரு பூங்காவில் பார்த்தேன். காலடியில் ஒரு ரப்பர் விரிப்பு, மேட் என்கிறார்கள். நீளவாக்கில் நடுவே சொரசொரப்பான பட்டை ஒன்று ஓடுகிறது. பின்கால் விரல் அதன்மேல் தேய்ந்து வந்தால் சர்ரென்று சத்தம் வரும். கால் எழும்பினால் சத்தம் அறுந்துபோகும். தன் தப்பு தன் காதிலேயே விழும். வேறொன்றும் மந்திரமில்லை. எனக்கு வயிறு எரிந்தது. இந்த ஒரு முழ ரப்பருக்காகவா எங்கள் வெண்மதியைப் பார்த்துக் குரைத்தார்கள்?

2014 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்படி ஒரு விரிப்பை வாங்கிப்போனேன். நேரே வெண்மதியிடம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. அவள் பயிற்சி செய்வது கிளப் மைதானத்தில், தினமும் சைக்கிளில் இத்தனை பெரிய சுருளைத் தூக்கி வருவாளா, கிளப்பிலேயே இருக்கட்டும் என்று மகா புத்திசாலியாக யோசித்து, குஞ்சிதபாதம் சார் கையில் கொடுத்தேன். உறையின்மேல் தடித்த பேனாவால் எழுதியும் கொடுத்தேன்: 'பிட்சர்கள் – பர்மனெண்ட் உபயோகத்துக்கு.'

நான் டெக்சாஸ் திரும்பி மூன்று வாரம் கழித்து வெண்மதியே கூப்பிட்டாள்.

"சத்யா, அந்த மேட்டு உள்ள வச்சிப் பூட்டிட்டாங்க. ஒரு நாளுதான் விரிச்சாங்க. நான் நாலு பந்து போட்டேன். அதுக்கப்புறம் சார் வந்து, இது உனுக்கில்லன்னுட்டாரு."

"உனக்காகத்தானடி வாங்கிட்டு வந்தேன்?"

"மேல இன்னா எழுதன நீ?"

எனக்கு உடனே உறைக்கவில்லை. செயலாளரைக் கூப்பிட்டபோதுதான் உறைத்தது.

"நீதானேம்மா எழுதிக் குடுத்திருக்கே, பர்மனெண்ட் உபயோகத்துக்குன்னு," என்றார் குஞ்சிதபாதம் சார், நிதானமாக. "தங்கராசு என்ன பர்மனெண்ட்டா?"

"சார், அது எப்பவும் கிரவுண்டுலயே இருக்கட்டுங்கற அர்த்தத்துல எழுதினது சார்."

"அதுக்குத் தமிழ்ல நிரந்தரம்னு ஒரு வார்த்தை இருக்கே. இங்கிலீஷ் மீடியத்துல படிச்சா இப்படித்தான், ரெண்டும் வராது. நாளைக்கு நாலு பர்மனெண்ட் பேரண்ட்ஸ் வந்து எழுதியிருக்கறதைக் காட்டிக் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

ஒரு பேரண்ட்டும் வந்து கேட்கப்போவதில்லை. ஏனென்றால் அந்த வருஷம் கிளப்பில் பிட்சர் என்று இருந்ததே வெண்மதி ஒருத்திதான். பர்மனெண்ட் வீட்டுப் பிள்ளைகள் மெடிக்கல், ஐஐடி என்று கோச்சிங் கிளாசுக்குப் போய்விட்டார்கள். ஆக, இருக்கிற ஒரே பிட்சருக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்காக, இல்லாத பிட்சர்களுக்காக அந்த விரிப்பு அலமாரியில் பூட்டிக் கிடந்தது. பூட்டியவர் அவர். பூட்டை எடுத்துக் கொடுத்தது என் கையெழுத்து. நெய்வேலியில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தச் சொல் அந்த ஊரில் எதைக் குறிக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டே வருஷத்தில் மறந்துபோயிருந்தேன்.

கிளப்பில் தெரிந்த இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தேன், அப்பாவையும் போகச் சொன்னேன். அப்பா போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார். "அவர் ரூல்படிதாம்மா பேசறார்," என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

இப்படிக் கொதிப்பதற்கு எனக்கு நேரம் இருந்தது. வெண்மதிக்கு இல்லை. அடுத்த மாநிலத் தேர்வு 2015 அக்டோபரில்.

மந்தாரக்குப்பத்தில் முக்கால்வாசி வீடுகளில் மிதியடி பெல்ட் துண்டுதான். சுரங்கத்தில் தேய்ந்து கழிந்த கன்வேயர் பெல்ட் ஏலத்தில் வெளியே வந்து, கடைத்தெருவில் துண்டு துண்டாக விற்கும். செருப்புக்கு அடிப்பாகம், சைக்கிளுக்கு மட்கார்டு மடல், வாசலுக்கு மிதியடி. தங்கராசு வீட்டு வாசலிலும் ஒன்று கிடந்தது. ஒருநாள் சாயங்காலம் வெண்மதி வீட்டுக்குள் நுழையும்போது காலைத் துடைத்தாள். சர்ரென்று ஒரு சத்தம். மறுபடி துடைத்தாள். அந்த ஒரு நாள் விரிப்பில் நாலு பந்து போட்டபோது கேட்ட அதே சத்தம்.

"அம்மா எதுக்குடி வாசல்ல நின்னுகினு கால ஆட்டிக்கினு இருக்கிறன்னு கேட்டுது," என்று பிறகு சொன்னாள். "சேறு போவலன்னு சொன்னேன்."

பெல்ட்டைத் திருப்பிப் போட்டாள். தேய்ந்த பக்கம், உள்ளிருக்கும் நார் வெளியே தெரிந்து சொரசொரத்தது. சந்தில் நீளவாக்கில் போட்டாள். முதல் நாள் பத்தாவது பந்தில் கேன்வாஸ் ஷூவின் முனை பிய்ந்து கட்டைவிரல் நகமும் கூடவே வந்துவிட்டது. சைக்கிள் டியூபை வெட்டி ஷூ முனையில் ஒட்டினாள். அது இரண்டு வாரம் தாங்கியது. பிறகு இன்னொரு டியூப். வலது பக்கம் சந்துச் சுவர். கை வட்டம் கொஞ்சம் வெளியே போனாலும் கைமுட்டி சுவரில் உராயும். அதனால் கையும் தானாக நேரானது. சந்தின் கடைசியில் தார்ப்பாய் கட்டி, அதில் சுண்ணாம்பால் ஒரு கட்டம் போட்டாள்.

ஒரே இடைஞ்சல் தூரம். பிட்சருக்கும் பேட்டருக்கும் இடையில் நாற்பத்து மூன்றடி வேண்டும். சந்து முப்பத்தெட்டடிதான். மீதி ஐந்தடி பின்னால் போனால் பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாள் பாத்திரம் துலக்கும் இடம்.

"இன்னாடி இது, நான் சட்டி கழுவுற எடத்துல வந்து கூத்தாடிக்கினு இருக்கிற?" என்றாராம் கஸ்தூரியம்மாள்.

"பெரிம்மா, அஞ்சடிதான். சாயங்காலம் ஒரு மணி நேரம்."

"சத்தம் வேற. சர்ரு சர்ருன்னு. என் வூட்டுக்காரு நைட் ஷிஃப்டுக்குப் போவுறதுக்கு முன்ன தூங்க வேணாமா?"

"அவரு மைன்ஸ்ல பெல்ட்டு சத்தத்துலயே தூங்குறவராச்சே பெரிம்மா."

கஸ்தூரியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாத்திரங்களை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டார். கொஞ்ச நாளில் அவரே சோப்பு நுரைக் கையோடு தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தார். சட்டியிலிருந்து தலையைத் தூக்க மாட்டார். "அறுந்துபோச்சு." அடுத்த பந்து. "அறுந்துபோச்சு." அடுத்தது. "ஆங், இது முழுசு." அப்படி ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தது. டவுன்ஷிப்பில் ஒரு முழு மைதானமும் ஒரு முழு கிளப்பும் பூட்டிய அலமாரியும் இருக்க, அந்தப் பெண்ணுக்குப் பாத்திரம் துலக்குகிற ஒரு அம்மாள்தான் அம்பயர். இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பாவின் பணி ஓய்வு விழாவுக்காக நான் அந்த அக்டோபரில் ஊரில் இருந்தேன். தேர்வு எங்கள் கிளப் மைதானத்திலேயே நடந்தது. சென்னையிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத அம்மா. ஏற்பாடு செய்தவர் என்ற முறையில் குஞ்சிதபாதம் சார் அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டார். கேட்சர் ஒருத்தி வராததால் என்னைக் குந்தச் சொன்னார்கள். வேலிக்கு வெளியே தங்கராசு மாமா, ஷிஃப்ட் முடிந்து நேரே வந்தவர், தூக்குவாளியோடு நின்றிருந்தார். கழுத்தில் சுரங்கத்துக்குள் விடுவதற்கான கேட் பாஸ்.

வெண்மதி போட்ட முதல் மூன்று பந்துகளும் என் கையுறைக்குள் வெடித்தன. அவள் பின்கால் செம்மண்ணில் கோடு கிழித்துக்கொண்டு வந்ததை நான் எதிரிலிருந்து பார்த்தேன். கம்பி போட்டது மாதிரி முழுக் கோடு.

"கால் தூக்குறா மேடம்," என்றார் குஞ்சிதபாதம் சார். "பழைய பழக்கம். மூணு வருஷமா சொல்லிப் பாத்துட்டோம்."

தேர்வாளர் பேனாவை எடுத்தார். வெண்மதி நேரே அவரிடம் போனாள்.

"மேடம், வந்து கோட்டப் பாருங்க. எங்கனா அறுந்திருக்கா?"

தேர்வாளர் எழுந்திருக்கும் முன்பே குஞ்சிதபாதம் சார் எழுந்து பார்க்கப் போனார். அந்தக் கோட்டின் மேலேயே நடந்து போனார். திரும்பியும் அதன்மேலேயே நடந்து வந்தார். "ஒண்ணும் தெரியலையே மேடம்," என்றார். வேண்டுமென்றே செய்தாரா, கண் தெரியாமல் செய்தாரா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன், அநியாயமாகப் பழி போடக் கூடாதே என்று. அவருக்குக் கண் நன்றாகவே தெரியும்.

வெண்மதி தன் சைக்கிளிடம் போனாள். சைக்கிள் கேரியரில் சுருட்டிக் கட்டியிருந்ததை அவிழ்த்து வந்து மண்ணில் விரித்தாள்.

"இது என்னம்மா?" என்றார் தேர்வாளர்.

"மேட்டு, மேடம். காலு கீழ இருந்தா கத்தும். எழும்பினா கத்தாது. நீங்க பாக்கவே வேணாம், திரும்பி நின்னு கேளுங்க. பத்து பந்து போடுறேன்."

அந்த அம்மாவுக்கு அது பிடித்திருக்க வேண்டும். மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுவிட்டார். குரைக்கிற பையன்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

முதல் பந்து. சர்ர்… அறுந்துபோனது. குஞ்சிதபாதம் சார் வாயைத் திறப்பதற்குள் வெண்மதியே சொன்னாள்.

"அது செல்லாது மேடம். எழும்பிடுச்சி. கணக்குல எடுத்துக்காதீங்க."

அதற்குப் பிறகு பத்து பந்து. பத்தும் முழுசு. கடைசிப் பந்தின் சத்தம் நின்றபோது தேர்வாளர் திரும்பினார். பேனா மூடியைக் கழற்றினார்.

"ஒரு நிமிஷம் மேடம்," என்றார் குஞ்சிதபாதம் சார். அவர் குரல் மாறியிருந்தது. குனிந்து பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். "இது மைன்ஸ் பெல்ட். கம்பெனி சொத்து. ஏம்மா, உங்கப்பா இதை எந்த கேட் வழியா எடுத்துட்டு வந்தார்?"

வேலிக்கு வெளியே தங்கராசு மாமா தூக்குவாளியைக் கீழே வைத்தார். "கடத்தெருவுல வாங்கினது சார்," என்றார்.

"பில் இருக்கா?"

மிதியடிக்கு யாரய்யா பில் வைத்திருப்பார்கள்? மாமா கழுத்தில் தொங்கிய பாஸைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்ததும் வெண்மதியின் முகம் செத்துப்போனது. பெல்ட்டைச் சுருட்ட ஆரம்பித்தாள். அவ்வளவுதான், போய்விடுவாள் என்று நினைத்தேன். ஒரு சான்றிதழுக்காக அப்பாவின் பாஸைப் பணயம் வைக்கிற பெண் இல்லை அவள். அந்த மனுஷருக்கும் அது தெரியும்; தெரிந்துதான் கேட்டார்.

பாதி சுருட்டியவள் கிளப் அலுவலக வாசலைப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"சார், உங்க ஆபீஸ் வாசப்படில ஒண்ணு கெடக்குதே, அதுக்கு பில் இருக்குதுங்களா?"

குஞ்சிதபாதம் சார் தேர்வாளர் பக்கம் திரும்பினார்.

"இல்ல, காலைல அதுலதான கால தொடச்சிக்கினு உள்ள போனீங்க. அதான் கேட்டேன்."

எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். அதே பெல்ட். அதே அகலம். இன்னும் கொஞ்சம் புதுசு. முதலில் சிரித்தது குரைக்கிற பையன்களில் ஒருவன். பிறகு எல்லாரும். தேர்வாளர் சிரிக்கவில்லை. "பேர் சொல்லும்மா," என்றார். "இனிஷியலோட."

மூன்றாம் நாள் பட்டியல் வந்தது. டி. வெண்மதி, பிட்சர். தங்கராசு மாமாவின் பாஸை யாரும் தொடவில்லை. கிளப் வாசலில் கிடந்த பெல்ட் மட்டும் அன்றைக்கே காணாமல் போனது.

அவள் இரண்டு தேசியப் போட்டிகளில் ஆடினாள். சான்றிதழும் வந்தது. அதை வைத்து நாலு இடத்துக்கு விண்ணப்பம் போட்டாள். ஒரு இடத்தில் காலியிடம் இல்லை; ஒரு இடத்தில் சாஃப்ட்பால் பட்டியலில் இல்லை; மற்ற இரண்டிலும் பதிலே இல்லை. இப்போது ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கான்ட்ராக்ட். ஒவ்வொரு ஜூனிலும் புதுசாகக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பள்ளிப் பிள்ளைகள் பெல்ட் துண்டில்தான் பந்து போடக் கற்கிறார்கள். விண்ணப்பிக்க அவளுக்கு இன்னும் வயது இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இதை எழுதட்டுமா, உன் வேலைக்கு ஆபத்து வருமா, பெயரை மாற்றிவிடட்டுமா என்று மூன்று முறை கேட்டேன். "எதுக்கு மாத்தணும்? நான் இன்னா திருடினனா?" என்றாள்.

2018 டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தபோது இருவரும் பழைய மைதானத்துக்குப் போனோம். முந்தின நாள் மழை. எங்கள் காலெல்லாம் செம்மண். கிளப் வாசற்படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றேன். பழைய பெல்ட் கிடந்த இடத்தில் வேறொன்று கிடந்தது. நீளமான ரப்பர் விரிப்பு. நடுவே ஓடும் சொரசொரப்புப் பட்டையில் செருப்புச் சேறு அப்பிக் காய்ந்திருந்தது. ஓரத்தில் உறையின் கிழிசல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. என் கையெழுத்தில் பாதி தெரிந்தது: '…மனெண்ட் உபயோகத்துக்கு.'

உள்ளே போய் அந்த மனுஷரை நாலு வார்த்தை கேட்கலாம் என்று கிளம்பினேன். வெண்மதி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். செருப்பைக் கழற்றினாள். வலது கால் கட்டைவிரலைப் பட்டையில் அழுத்தி, நிதானமாக ஒரு முறை இழுத்தாள். சேற்றுக்கு அடியிலிருந்து சர்ரென்று சத்தம் வந்தது, முழுசாக.

"வுடு சத்யா," என்றாள். "அதுக்காச்சும் பர்மனெண்ட் வேல கெடச்சிதே."